மக்காச்சோளத்துக்கும் சுண்ணாம்பு



வெற்றிலைக்குச் சுண்ணாம்பு உண்டு. மறையூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும்போது கருப்பஞ்சாற்றிலும் கொஞ்சம் சேர்ப்பார்கள். மெக்சிகோ நாட்டுப் பழங்குடிப் பெண்கள் அதை மக்காச்சோளத்தில் சேர்க்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம் இது.

மக்காச்சோளம் பிறந்த மண் அதுதான். அங்கிருந்து கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது. சோளம் போனது, சுண்ணாம்புப் பக்குவம் போகவில்லை. சோளத்தை மட்டுமே தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்தது. வயிற்றுப்போக்கு வந்தது. புத்தி கலங்கியது. பலர் இறந்தார்கள். அந்த நோயின் பெயர் பெலாக்ரா. அதைத் தடுக்கும் சத்து சோளத்திலேயே இருக்கிறது. ஆனால் உடம்பில் சேராமல் கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

அட்டப்பாடியின் பழைய உணவான ராகிக்கும் சாமைக்கும் இந்த வேலை தேவையில்லை.

செய்வது எளிது. காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், வெற்றிலைச் சுண்ணாம்பு 2 தேக்கரண்டி. வாசனைச் சுண்ணாம்பு வேண்டாம். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சோளத்தைப் போட்டு, முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். மண்பானை அல்லது எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். இரவு முழுவதும் அப்படியே மூடி வையுங்கள். காலையில் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அதைக் கொட்டிவிட்டு, சோளத்தைக் கையால் தேய்த்தால் தோல் வழுவழுவென்று கழன்றுவிடும். மூன்று முறை கழுவுங்கள்.

ஒன்று முக்கியம். விதைக்கென்று மருந்து தடவிய சோளத்தையும் பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் தொடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது.

கழுவிய சோளத்தை ஆட்டுக்கல்லில் கெட்டியாக அரைத்து, தட்டி, கல்லில் சுட்டால் ரொட்டி. தொட்டுக்கொள்ளக் கீரையும் பருப்பும்.