வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள்



இளம் ரப்பர்க் கன்றுகளின் நிரைகளுக்கிடையே படரும் பியூராரியா, சென்ட்ரோசீமா கொடிகளை நாம் அறிவோம். ஒன்றை வேரோடு மெல்ல அகழ்ந்தால் சிறு முடிச்சுகள் காணப்படும். முதிர்ந்த முடிச்சை நகத்தால் கீறுங்கள். உட்புறம் செந்நிறமாயின், அங்குள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருணவாக மாற்றுகின்றன. வெளிறியோ பச்சையாகவோ இருப்பின் அம்முடிச்சால் பயனில்லை.

இவ்வுயிர்களை 1888ஆம் ஆண்டில் பெய்ஜரிங்க் என்னும் டச்சு அறிஞர் பிரித்தெடுத்தார். எப்பயிரில் முடிச்சிடுகின்றன என்பதைக் கொண்டே பின்னர் இவற்றை வகுத்தனர். ஒரே வகை பல பயிர்களில் முடிச்சிடவே, அம்முறை குழப்பமாயிற்று. 1982ஆம் ஆண்டில் ஜோர்டன் என்பார், ஆய்வுக்கூடத்தில் விரைந்து வளர்வனவற்றை ரைசோபியம் என்றே நிறுத்தி, மெதுவாக வளர்வனவற்றைப் பிராடிரைசோபியம் எனப் பிரித்தார். நம் கொடிகளில் வாழ்வன பெரும்பாலும் இப்பின்னவையே. இன்றோ மரபணுவை ஆராய்ந்தே வகுக்கின்றனர்.

இப்பெயர்கள் நமக்கெதற்கு என்றே நாமும் முதலில் எண்ணினோம். ஆனால் சென்ட்ரோசீமா எல்லா வகைகளோடும் இணங்குவதில்லை. பொருந்தாத வகை முடிச்சிடும், உணவு தராது. எனவே, நுண்ணுயிர் கலந்த விதையை வெயிலில் வைக்காது, உரிய பயிருக்கு உரிய கலவையையே இடுவோம். இலை மஞ்சளித்தால், மண்ணைக் குறை கூறுமுன் முடிச்சைக் கீறிப் பார்ப்போம்.