தேவைக்கு மேல் வைட்டமின் எதற்கு?

(அன்னதானத்திற்கு முன் ஆலய மண்டபத்தில், பணி ஓய்வு பெற்ற மருந்தாளர் ஒருவர் ஆற்றிய சுகாதார உரையின் எழுத்து வடிவம்)

 

பூசை முடிந்து பசியோடு அமர்ந்திருக்கும் நேரம். சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாசமும் வந்துகொண்டிருக்கிறது. இந்த வேளையில் நீண்ட உரை ஆற்றுபவன் பாவத்தைத் தேடிக்கொள்வான். எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆரோக்கிய வாழ்வு'. அது கடல். அதிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்மில் பலர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் நிற்கும் வைட்டமின் புட்டிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வைட்டமின் வேண்டாத பொருள் என்று சொல்ல நான் வரவில்லை. வைட்டமினின் அருமையை உலகம் அறிந்துகொண்டதில் நம் மலாயா மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 'வைட்டமின்' என்ற பெயரை காசிமிர் ஃபங்க் என்ற விஞ்ஞானி 1912-இல்தான் சூட்டினார். அதற்கு முன்பே இங்கே பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டனர். ஆனால், அதே காலத்தில் இங்கு வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களை இந்த நோய் அதிகம் அண்டவில்லை. நம்மவர்கள் வசதியாக வாழ்ந்தார்கள் என்பதா காரணம்? இல்லவே இல்லை. அவர்கள் உண்டது புழுங்கலரிசி. சீனர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி.

இந்த வேறுபாட்டை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் கவனித்து எழுதினார். 1905-இல் டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். மற்றப் பிரிவில் நோய் அநேகமாக இல்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் அடுத்த சில ஆண்டுகளில் இதை மேலும் உறுதிப்படுத்தினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரியவந்த விளக்கம். நம் பாட்டிமார் அதை அறிந்து அவிக்கவில்லை. ஆனாலும் அது பல உயிர்களைக் காத்தது.

இங்கேதான் நாம் ஒரு தவறான கணக்குப் போடுகிறோம். இல்லாதவனுக்குக் கொஞ்சம் கொடுத்தால் உயிர் பிழைக்கிறான், ஆகவே இருப்பவனுக்கு மேலும் கொடுத்தால் இன்னும் பலசாலி ஆவான் என்பது அந்தக் கணக்கு. விளக்கில் எண்ணெய் இல்லையென்றால் ஊற்ற வேண்டும். நிறைந்த விளக்கில் ஊற்றினால் சுடர் பெரிதாவதில்லை, தரைதான் பாழாகிறது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். காய்கறி, பழம் அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது. அவற்றில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. அப்படியானால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்பது அவர்களுடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் 1994-இல் முடிவு வெளியானபோது, மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் இதே போல் நடந்த இன்னோர் ஆய்வை, தீங்கு தெரிந்ததும் 1996 ஜனவரியில் குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மற்றோர் ஆய்வில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் கலந்துகொண்டார்கள். அதில் வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களுக்கு விதைப்பைக்கு மேலே, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது 2011-இல் வெளியானது. கேரட்டையும் கீரையையும் யாரும் குறை சொல்லவில்லை. கறியில் கிடப்பது வேறு, புட்டியில் அடைத்தது வேறு. மண்டபத்துக்கு வெளியே சிகரெட்டை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அன்பர்கள் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துச் சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் சங்கடமானது. நான் முன்பு குடியிருந்த ஊரின் ஆலயத்தில் ஒரு பெரியவர் தினமும் சுவாமிக்குப் பூ கட்டிக் கொடுப்பார். விரல்கள் நாரில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவருக்கு இனிப்பு நீர் உண்டு. பாதம் எரிகிறது என்று ஒரு கிளினிக்கில் நரம்புக்கான வைட்டமின் கொடுத்தார்கள். பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்த மாத்திரை. சீட்டு முடிந்த பிறகும் கடையில் தாமாக வாங்கித் தினம் இரண்டு சாப்பிட்டு வந்தார். மகன் ஒரு பலசத்து மாத்திரை வாங்கி அனுப்பினான். நேரடி விற்பனை செய்யும் உறவுக்காரப் பெண் ஒரு சத்துமாவு டின் கொடுத்தாள். மூன்றிலும் பி6 இருந்தது. ஒரு நாள் அவர் என்னிடம், "தம்பி, இவ்வளவு சாப்பிட்டா ஒன்னும் ஆகாதே?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பி வைட்டமின் தண்ணீரில் கரைவதுதானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும், பயப்படாதீர்கள் ஐயா" என்றேன். படித்தவன் சொன்னதால் அவரும் நம்பினார்.

பி6 சத்து பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2 மில்லிகிராமுக்கும் குறைவு. அவருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நரம்பைக் காக்கும் அதே பி6 அளவு மீறி நெடுநாள் சென்றால் நரம்பையே கெடுக்கும். பாதம் மரத்தது. இனிப்பு நீரின் வேலை என்று எல்லோரும் நினைத்தோம். மரப்பு கூடக் கூட, நரம்புக்கு நல்லதென்று அவர் மாத்திரையைக் கூட்டினார். விரலுக்கும் வந்தது. நார் கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதே தெரியவில்லை என்றார். மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர்தான் "வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிக் கண்டுபிடித்தார். நிறுத்திய பிறகு பல மாதங்களில் ஓரளவு சரியாயிற்று. பழையபடி பூ கட்ட விரல்கள் வரவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பி6-க்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வகுத்த மேல்வரம்பு ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம்தான். உங்கள் வீட்டுப் புட்டியைத் திருப்பி அந்த எண்ணைப் பாருங்கள்.

ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை, உடலில் தங்கிச் சேர்பவை. வைட்டமின் ஏ மிகுந்தால் கல்லீரல் கெடும். கர்ப்பிணிகளுக்கு மிகுந்தால் சிசுவுக்கு ஊனம் வரும். டி சத்துக் குறைவு இந்த வெயில் நாட்டிலும் உண்டு, பெண்களிடம் அதிகம். அதற்கு வாரம் ஒரு முறை உண்ணும்படி கொடுக்கும் பெரிய அளவு மாத்திரையைத் தினமும் உண்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் என்று போய்ச் சிறுநீரகத்தில் முடியும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் உண்பவர்கள் வைட்டமின் கே உள்ள எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மருந்தின் வேலையை அது முறித்துவிடும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் உண்ணும் பெண்பிள்ளைகள், இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதைச் சொல்ல வேண்டும். மாரடைப்பைக் காட்டும் சோதனையே தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க அரசு 2017-இல் எச்சரித்தது. 'இரத்தம் போதவில்லை' என்று சொன்னவுடன் இரும்புச்சத்து வாங்குகிறோம். தலசீமியா மரபணு உள்ளவர்களுக்கும் இரத்தம் குறைவாகத்தான் காட்டும். அவர்களுக்கு இரும்பு குறைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே கொடுக்க வேண்டும்.

தைப்பூசத்திற்கு 48 நாள் சைவ விரதம் இருப்பவர்கள், பலம் குறையுமே, வைட்டமின் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். நன்றாக உண்டு வந்த உடலின் கல்லீரலில் பி12 சத்து ஆண்டுக்கணக்கில் சேமிப்பாக இருக்கும். 48 நாளில் அது தீராது. பருப்பு, கீரை, பால், பழம் போதும். ஆனால் பால்கூட இல்லாமல் ஆண்டுக்கணக்காகச் சைவம் உண்பவர்களுக்கும், இனிப்பு நீருக்கு மெட்பார்மின் நெடுநாள் உண்பவர்களுக்கும் பி12 உண்மையாகவே குறையலாம். அவர்கள் சோதித்து எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உண்பது மிக அவசியம். இதைச் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

புட்டியில் மால் எண் இருக்கிறதே என்பார்கள். அந்த எண் அவசியம்தான். அது இல்லாததை வாங்கவே வேண்டாம். பொருள் பதிவாகியிருக்கிறது என்று அது சொல்கிறது. உங்களுக்குத் தேவை என்று அது சொல்லவில்லை.

உபயகாரர்களிடம் ஒரு விண்ணப்பம். முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பொருளறை முழுக்க அன்பர்கள் கொடுத்த வைட்டமின் பெட்டிகள். பாதி காலாவதி ஆகிவிட்டது. மீதியை யாருக்குக் கொடுப்பதென்று பொறுப்பாளர் அம்மாவுக்குத் தெரியவில்லை. அங்கிருந்த முதியவர்களில் பலர் ஏற்கெனவே ஏழெட்டு மருந்து உண்பவர்கள். அவர் கேட்டதெல்லாம் பெரியவர்களுக்கான டயப்பர், பால்மாவு, ஒரு சக்கர நாற்காலிக்குப் புதுச் சக்கரம். நாம் கொடுத்ததோ, கடையில் பார்த்தால் விலை கூடியதாகத் தெரியும் புட்டி. கொடுக்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.

சென்ற வாரம் அறிவித்திருந்தபடி பலர் வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பையில் கொண்டு வந்திருக்கிறீர்கள். சாப்பிட்ட பிறகு அந்தத் தூணருகே மேசையில் நானும் இன்னொரு மருந்தாளரும் அமர்ந்திருப்போம். டாக்டர் எழுதிக் கொடுத்த எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டோம். எது எதில் என்ன இருக்கிறது என்று கூட்டிக் கணக்கெழுதித் தருவோம். அந்தத் தாளை அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். நேரடி விற்பனைப் பொருள், பாட்டி வீட்டு லேகியம் எதையும் ஒளிக்க வேண்டாம். யாரையும் கோபிக்க மாட்டோம். கோபிக்க எனக்குத் தகுதியும் இல்லை.

பந்தி தயார் என்று தலைவர் கையசைக்கிறார்.