விளையாட்டுச் செய்வதும் வேலைதான்
(ஹில்ஸ்பரோவில் நடந்த புத்தாண்டு ஒன்றுகூடலில் பெற்றோருக்கு ஆற்றிய உரை)



பிள்ளைகளின் தொழில் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். மருத்துவம், பொறியியல் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதைப் பிள்ளை பிறக்க முதலே எங்கடை வீடுகளில் பேசி முடித்துவிடுகிறோம். நான் சொல்லப்போவது கைத்தொலைபேசிக்குப் புதிர் விளையாட்டுச் செய்யும் தொழிலைப் பற்றி. என்ரை மகள் கிழமையில் நாலு நாள் பார்மசியில் வேலை, மிச்ச நாள் முழுக்க இதுதான். "படிச்ச பிள்ளைக்கு உதென்ன விளையாட்டு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்பதில் நியாயமும் உண்டு. வீடு வாசலை விட்டுவிட்டு சேர்டிபிக்கற்றை மட்டும் கையில் கொண்டு ஓடி வந்த சனம் நாங்கள்.

"மினி மெட்ரோ" என்ற விளையாட்டு இந்த நாட்டில் பிறந்தது. வெலிங்டனில் பீற்றர் கரி, றொபேட் கரி என்ற சகோதரர்கள் 2013 ஏப்ரலில், ஒரு வார இறுதிப் போட்டிக்காக அதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் ரயில் நிலையங்கள். விரலால் கோடு இழுத்து இணைக்க வேண்டும். ஒரு நிலையத்தில் சனம் நிரம்பி வழிந்தால் ஆட்டம் முடிந்தது. ஒக்லாந்து வரைபடமும் அதில் உண்டு. (ஒனெஹங்காவோடு நின்றுவிடும் ரயிலை நினைத்து நாங்கள் பெருமூச்சு விடத்தான் வேணும்.) முழுமையான விளையாட்டு 2015 நவம்பரில் கொம்பியூட்டருக்கும், 2016 ஒக்டோபரில் கைத்தொலைபேசிக்கும் வந்தது. கணக்குப் பாருங்கோ, ஒரு வார இறுதியில் பிறந்த யோசனை தொலைபேசிக்கு வர மூன்றரை வருடம். ஒரு பட்டப்படிப்பின் காலம் அது.

அவ்வளவு காலமும் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் அடுத்தவர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் தன்ரை புதிரை முதலில் அம்மம்மாவிடம்தான் குடுப்பாள். அம்மம்மாவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. மகள் பக்கத்தில் இருந்து ஒன்றும் சொல்லிக் குடுக்க மாட்டாள். கிழவியின் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தை இரவிரவாகத் திருத்துவாள். பல்லாங்குழிக்கு யார் எங்களுக்குப் புத்தகம் தந்தது? பார்த்துத்தானே பழகினோம்!

இனிக் காசுக் கதை. "த்ரீஸ்" என்ற எண் புதிரை அமெரிக்காவில் ஒரு சிறு குழு ஒரு வருடத்துக்கு மேல் பாடுபட்டுச் செய்து 2014 பெப்ரவரியில் விற்பனைக்கு விட்டது. அடுத்த மாதமே அதே சாயலில் "2048" இலவசமாக வந்து உலகமெல்லாம் பரவியது. எங்களில் கனபேருக்கு இரண்டாவதைத்தான் தெரியும். விற்றாலும் முழுக் காசும் கைக்கு வராது. அப்பிளும் கூகிளும் 30 வீதம் கழித்தன; 2021 முதல் சிறியவர்களுக்கு 15 வீதம். அரசாங்கம் 2023இல் அறிவித்த 20 வீதச் சலுகைக்கு வருடம் இரண்டரை லட்சம் டொலராவது செலவழிக்க வேண்டும். அறைக்குள் தனியே இருந்து செய்யும் பிள்ளைக்கு அது எட்டாக் கனி. மகளின் முதல் விளையாட்டு ஒரு வருடத்தில் உழைத்தது எங்கடை ஒரு மாத வாடகைக்கும் காணாது.

ஆனபடியால் வீட்டில் ஒரு ஒப்பந்தம் செய்தோம். பார்மசி வேலையை விடக்கூடாது. இரண்டு வருடத்துக்கு அவளிடம் வாடகையோ சாப்பாட்டுக் காசோ வாங்குவதில்லை. கலியாணப் பேச்சில் "பார்மசிஸ்ட்" என்று மட்டும் சொல்லி மற்றதை மறைப்பதில்லை. மூன்றாவதுக்குத்தான் மனைவி லேசில் சம்மதிக்கவில்லை.

ரொறன்ரோவில் தமிழ்ப் பிள்ளை ஒருவர் முன்னின்று செய்த "வெண்பா" 2023இல் வந்தது. அழிந்துபோன சமையல் குறிப்பை ஊகித்து இட்டலி அவிப்பதுதான் அதில் புதிர். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. எங்கடை குசினியில் இருந்தும் புதிர் எடுக்கலாம் என்று அதைப் பார்த்த பிறகுதான் மகள் தாயக்கட்டையைக் கையில் எடுத்தாள்.

அந்தப் புது விளையாட்டு பின்மேசையில் இருக்கிறது. சாப்பிட முதல் ஒருக்கால் தொட்டுப் பாருங்கோ. அவள் பக்கத்தில் நிற்பாள். கேட்டாலும் சொல்லித் தரமாட்டாள், கோவிக்க வேண்டாம்.