வயலா, குட்டையா?

விழிதியூர்ப் பக்கம் சம்பா நடவு முடிந்த வயல், வரப்பில் நிற்பவருக்கு வயல்தான். வானத்திலிருந்து பார்த்தால்? வெறும் தண்ணீர். இறால் குட்டையும் அப்படியேதான் தெரியும்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். இது வயல், இது குட்டை, இது தென்னந்தோப்பு என்று புள்ளி புள்ளியாகக் காட்டிக் கணினியைப் பழக்குகிறார்கள். ஒரே நாள் படத்தைக் கொடுத்தால் அதுவும் திணறும். போதாததற்கு ஐப்பசி மேகம் வேறு மறைக்கும்!

இங்கேதான் 2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1 கைகொடுக்கிறது. அதன் ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். தேங்கிய நீரில் பட்டால் வேறு பக்கம் தெறித்துவிடும்; படத்தில் கறுப்பு. நாற்று வேர்பிடித்துத் தூர் கட்டக் கட்ட அலை திரும்பி வரும். அடுத்தடுத்த படங்களில் வயல் வெளுத்துக்கொண்டே போகும். குட்டை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். அடையாளம் நிறத்தில் இல்லை, நிறம் மாறுவதில் இருக்கிறது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து டெல்டா நெற்பரப்பை ரேடார் படங்களால்தான் வரைந்தது. பயிர்க் காப்பீட்டுக்கும் அது உதவியது.

ஆனால் நேரடி விதைப்பு வயலில் தொடக்கத்தில் தண்ணீரே நிற்காது. அதை அடையாளம் காணக் கணினிக்குத் தனிப்பாடம் எடுக்க வேண்டும்.