சாமை மூட்டைகளைக் கட்டி அனுப்புதல்
(கண்ணமங்கலத்தில் விவசாயிகளிடையே நிகழ்த்திய உரை)



ஜவ்வாது மலைச் சாமை மூட்டைகளைப் ‘பேலட்’ என வழங்கும் மரத்தட்டில் அடுக்கி அனுப்புமாறு கேட்கும் வியாபாரிகள் இன்று உளர். மலைச் சாலைக் குலுக்கலில் தானியம் அமுங்கும், அடுக்கு தாழும். இரும்புப் பட்டை அப்பொழுது தளர்ந்துவிடும். இழுத்துக் கட்டிய பாலியஸ்டர் பட்டையோ தானும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆதலின் அதையே வாங்குங்கள்.

சுற்றுவதற்குரிய பிளாஸ்டிக் தாளை மரத்தட்டையும் சேர்த்துச் சுற்றாவிடில், மூட்டைகள் ஒருசேர நழுவும். அத்தாள் எடைக்கு விற்கப்படுவது. உள்ளிருக்கும் அட்டைக் குழலின் எடையைக் கழித்தீர்களா? கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார்! ஈரச் சாமையைச் சுற்றினால் பூஞ்சணம் பிடிக்கும்.

வெளிநாட்டிற்கு அனுப்புவதாயின், மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஊட்டியதற்கான முத்திரையைத் தட்டில் கண்ட பின்னரே பணம் கொடுங்கள்.