ஜன்னலைக் கவனிப்போம், கரண்ட் பில்லைக் குறைப்போம்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நமது வட்டியில்லாக் கடன் நிதிக்கு வரும் மனுக்களில், ஏசி வாங்கக் கேட்கும் மனுக்கள் இப்போது கூடிவிட்டன. விசாரிக்கப் போனால் பல வீடுகள் புது வீடுகள். பிள்ளைகள் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் எழும்பியவை. மதியம் உள்ளே நுழைந்தால் அனல் அடிக்கிறது. அந்த அனலில் பகல் முழுக்க இருப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும் படுக்கையில் கிடக்கும் முதியவர்களும்தான். ஏசி வாங்க ஒருமுறை கடன் தரலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை யார் கட்டுவது? யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறுகிறதே! ஆகவே ஏசிக்கு முன் ஜன்னலைப் பார்ப்போம்.

முதலில் திசை. நம்முடையது கிழக்குக் கடற்கரை ஊர். கோடைப் பிற்பகலில் கடல்காற்று கிழக்குப் பக்கமிருந்து வரும். வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். எனவே கிழக்கே பெரிய ஜன்னல், மேற்கே சிறியது. காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது. வெளியேற எதிர்ப்பக்கமும் வழி வேண்டும்.

இரண்டாவது நிழல். தெற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு போதும். உச்சிவெயிலை அது தடுத்துவிடும். மேற்கு வெயில் சாய்ந்து வருவதால் சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடும். அதற்கு வெளியே மூங்கில் தட்டியோ, பச்சை வலையோ, மரமோ வேண்டும். உள்ளே திரை போட்டால் போதுமே என்பார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சூடாக்கும். அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கும். வெயிலை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது திறப்பு. மத்திய அரசின் எரிசக்தி திறன் செயலகம் 2018-இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதி, நம்மைப் போன்ற வெப்ப ஈரப்பகுதிக்கு, வீட்டின் உட்பரப்பில் 16.66 சதவீதம் திறக்கக்கூடிய வழி இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 600 சதுர அடிக்கு 100 சதுர அடி. இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். 16 சதுர அடி ஜன்னல் 8 சதுர அடிக்குத்தான் கணக்கு. கீல் வைத்த கதவு ஏறத்தாழ முழுவதும் திறக்கும்.

நான்காவது சட்டமும் கண்ணாடியும். அலுமினியம் சூட்டை எளிதில் கடத்தும். மரமும் யுபிவிசியும் அப்படியல்ல. இரட்டைக் கண்ணாடி, நெடுநேரம் ஏசி ஓடும் அறைக்குப் பலன் தரும். ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் வீட்டுக்கு அந்தச் செலவு வீண்விரயமே. கருப்புக் கண்ணாடி போட்டால் பகலிலேயே லைட் போட வேண்டி வரும்.

“ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்கள் பார்வை படுமே” என்று தாய்மார்கள் சொல்வது நியாயமான பேச்சு. அதற்காக ஜன்னலை மூடி வைத்துப் புழுங்க வேண்டாம். கீழ்ப்பாதிக்குத் தனிக் கதவு வைத்து மூடிக்கொண்டு, மேல்பாதியைத் திறந்து வையுங்கள். தெருப்பக்கம் மரப்பட்டை அடைப்போ துளைவைத்த ஜாலியோ வைத்தால் காற்று வரும், பார்வை வராது. நம் முன்னோர் வீட்டு நடுவே முற்றம் விட்டதற்கும் இதுவே பயன்: மறைவும் கிடைத்தது, காற்றும் கிடைத்தது.

வீடு கட்டுவோர், ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். எந்த அறை எந்நேரம் தகிக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வாடகை வீட்டில் இருப்போர், மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டிப் பாருங்கள். ஜன்னலை மாற்றவும் நிழல் அமைக்கவும் நமது நிதியிலிருந்து கடன் கேட்கலாம். ஏசி மனுவுக்கு முன் அதைப் பரிசீலிப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.