செரி மரமும் தச்சனின் பொறுமையும்



பெயரைக் கேட்டு மரம் வாங்குவோர் பலர். மரத்தையே பார்த்து வாங்குவோர் சிலர். இவ்விரு சாராருக்கும் உள்ள வேற்றுமையை விளக்க, வட அமெரிக்கக் கருஞ்செரி மரத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

தாவர நூலார் இதனைப் 'புரூனஸ் செரோடினா' என்பர். பென்சில்வேனியா மாநிலத்து அலெகெனி மேட்டுநிலத்தில் விளையும் மரத்திற்குத் தனி மதிப்புண்டு. ஷேக்கர் என்னும் சமயக் குழுவினர், வீண் அலங்காரத்தை விலக்கிச் செய்த மேசைகள் பலவற்றிற்கு இம்மரத்தையே விரும்பினர்.

இதனை இனங்காண்பது எங்ஙனம்? புதிதாக இழைத்த வைரப்பகுதி இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாக இருக்கும். வெளிறோ பாலேடு போல வெளுத்திருக்கும். ரேகை பெரும்பாலும் நேராக ஓடும். நுண்துளைகள் எளிதில் கண்ணுக்குப் புலப்படா. ஆங்காங்கே கரிய பிசின் புள்ளிகள் தென்படும். உலர்ந்தபின் கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 கிலோகிராம் நிற்கும். தேக்கைவிடச் சற்று இலேசானது.

கடைகளில் 'செரி' என்பது சில வேளைகளில் மரத்தின் பெயரன்று, சாயத்தின் பெயர்! மலிவான மரத்திற்குச் செந்நிறம் ஏற்றி அவ்வாறு அழைப்பதுண்டு. இழுப்பறையைக் கவிழ்த்து, மெருகிடாத அடிப்பகுதியை நோக்குங்கள். சாயம் மேல்தோலோடு நின்றுவிடும்; வைரத்தின் நிறமோ உள்ளேயும் தொடரும்.

இன்னுமொரு சோதனை உண்டு. புதிதாக இழைத்த செரிப் பலகையின் பாதியைக் கனத்த தாளால் மூடி, சில நாள் வெயிலில் வையுங்கள். திறந்த பாதி சிவந்து கறுத்திருக்கும். மூடிய பாதி வெளிறியே கிடக்கும். மரத்திலுள்ள சில வேதிப்பொருள்கள் ஒளியினாலும் காற்றினாலும் மாறுவதே காரணம். ஆதலால், புது மேசையின்மீது ஒரே இடத்தில் பூச்சாடியை மாதக்கணக்கில் வைத்தல் ஆகாது. அதன் வடிவம் தடமாகப் பதிந்துவிடும்.

இம்மரம் உளிக்கும் இழைப்புளிக்கும் இணங்கும். ஆனால், சுழலும் ரம்பத்தின்முன் பலகை ஒரு கணம் தயங்கினாலும் கருகிவிடும். கூரிய பல்லும், நிற்காத சீரான தள்ளுதலும் வேண்டும். மரத்தூளைச் சுவாசியாதிருக்க மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

பழமையின் நிறத்தை முதல் நாளே காட்ட விரும்பிச் சிலர் சாயம் பூசச் சொல்வர். செரி, சாயத்தை ஒரே சீராக உறிஞ்சாது; திட்டுத்திட்டாக முகம் கெடும். ஆளிவிதை எண்ணெயோ அரக்கு மெருகோ மெல்லியதாக இட்டு, எஞ்சியதை ஒளிக்கு விட்டுவிடுவதே என் துணிபு.

வாங்குவோரிடம், "இன்று வெளிறியிருக்கிறது, நாளடைவில் சிவக்கும்" என்று உண்மையைக் கூறத் துணியுங்கள். அதனால் ஓர் விற்பனை தவறலாம். எனினும் சாயத்தைக் காட்டிப் பெற்ற பாராட்டு, முதல் கீறலிலேயே வெளுத்துப்போகும். தொழில் கற்கும் நீங்கள், கருவியைக் கூராக்குவதோடு சொல்லையும் நேராக்கிக்கொள்ளுங்கள்.